பெடலா, ப்ராசஸரா? கேபிளின் மறுமுனையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

போன மாதம் அக்கா மகன் வாட்ஸாப்பில் இரண்டு படங்கள் அனுப்பினான். ஒன்றில் கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் மஞ்சள் நிற ஓவர்டிரைவ் பெடல் ஒன்று, பக்கத்தில் ஒலியை எதிரொலிக்க வைக்கும் ஒரு டிலே பெடல். இன்னொன்றில், காலால் மிதிக்கும் எக்ஸ்பிரஷன் பலகையோடு, பல பெடல்களின் வேலையை ஒரே பெட்டியில் செய்யும் ஒரு கிட்டார் ப்ராசஸர். "மாமா, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைதான் வருது. எது வாங்கட்டும்?"

"நீ எதுல செருகி வாசிக்கப் போற?" என்று கேட்டேன்.

"கிட்டார்லதான் மாமா."

சிரிப்பு வந்தது. ஆனால் அவன் வயதில் எனக்கும் இதே பதில்தான் தோன்றியிருக்கும். கிட்டாரிலிருந்து பெடலுக்குப் போகும் கேபிள் எல்லோர் கண்ணிலும் படும். பெடலிலிருந்து வெளியே போகும் கேபிள் எங்கே முடிகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. நான் அதை ஒரு கல்யாண ரிசப்ஷனில் அவமானப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

அப்போது என்னிடம் ஒரே ஒரு டிஸ்டார்ஷன் பெடல். வீட்டில் ஸ்பீக்கரோடு கூடிய ஒரு சின்ன ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) போட்டு வாசித்தால் சிங்கம் மாதிரி உறுமும். மேடைக்கு ஆம்ப் வருவதாகச் சொல்லியிருந்தார்கள், வரவில்லை. சவுண்டுக்கார அண்ணன், கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஒரு டிஐ பாக்ஸைக் கையில் கொடுத்து, "இதுல குத்துங்க தம்பி, நேரா மிக்சருக்குப் போயிடும்" என்றார். குத்தினேன். முதல் கார்டு அடித்ததும் தகரக் கதவை ஆணியால் கீறியது போல ஒரு சத்தம். பாடகர் திரும்பிப் பார்த்தார். முன்வரிசையில் ஒரு பாட்டி காதைப் பொத்திக்கொண்டார். சவுண்டுக்கார அண்ணன் ஒன்றும் சொல்லாமல் மிக்சரில் என் ஒலி அளவு ஃபேடரைக் கீழே இறக்கிவிட்டார். அன்று இரவு முழுக்க நான் டிஸ்டார்ஷன் இல்லாமல், பாதி கேட்கும்படியாக வாசித்தேன்.

பெடலில் பழுது இல்லை. கிட்டார் ஆம்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியைச் சட்டென்று குறைத்துவிடும். டிஸ்டார்ஷன் என்பது அலையின் உச்சியை வெட்டுவது. வெட்டும்போது மேல் ஸ்தாயியில் கூர்மையான துணை ஒலிகள் ஏராளமாகப் பிறக்கும். ஆம்பின் ஸ்பீக்கர் அந்தக் கூர்மையைத் தானாகவே மழுக்கிவிடுகிறது. மண்டபத்தில் தொங்கும் பி.ஏ. ஸ்பீக்கருக்குத் தனியாக ஹார்ன் உண்டு, அது 15,000 ஹெர்ட்ஸ் வரை ஒளிவுமறைவில்லாமல் கொட்டிவிடும். வீட்டில் நான் கேட்ட உறுமலில் பாதி பெடலுடையது, பாதி ஸ்பீக்கருடையது. மண்டபத்துக்கு நான் கொண்டுபோனது முதல் பாதியை மட்டும்.

ப்ராசஸர்காரர்கள் 'கேப் சிமுலேஷன்' என்றும் 'ஐஆர்' என்றும் சொல்வது இந்த இரண்டாவது பாதியைத்தான். ஸ்பீக்கர் பெட்டி எப்படி ஒலிக்குமோ அப்படிச் சிக்னலை வடிகட்டித் தருகிற ஏற்பாடு. ஆகவே பெடலா ப்ராசஸரா என்ற கேள்விக்கு, எது நல்ல டோன் என்று பார்க்கும் முன்பே பாதி விடை கிடைத்துவிடும். நீங்கள் வாசிக்கும் இடத்தில் கிட்டார் ஆம்ப் இருக்கிறதா, இல்லையா?

சரி, ஆம்ப் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது தனித்தனிப் பெடல்கள் பக்கம் நான் சாய்வேன், முக்கியமாக ஓவர்டிரைவ் விஷயத்தில். கிட்டாரின் வால்யூம் நாபைக் கொஞ்சம் இறக்கினால் டோன் தெளிய வேண்டும், பிக்கால் அழுத்தி அடித்தால் கரகரக்க வேண்டும். விரலுக்கும் காதுக்கும் நடுவில் நடக்கும் இந்தப் பேச்சு நல்ல அனலாக் பெடலில் இயல்பாக வருகிறது. விலை கூடிய ப்ராசஸர்களிலும் இன்று வருகிறது. ஆரம்ப விலை ப்ராசஸர்களில் எனக்கு இன்னும் திருப்தியில்லை.

இந்தக் கரகரப்பே ஒரு பழுதிலிருந்து பிறந்தது. 1961 வாக்கில் அமெரிக்காவின் நாஷ்வில்லில் ஒரு பதிவின்போது கிரேடி மார்ட்டின் வாசித்த பாஸ் கிட்டார், மிக்சரில் கெட்டுப்போயிருந்த ஒரு சேனல் வழியாகப் போய்ப் பிய்ந்த ஒலியாக வந்தது. பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதையே ஒரு சின்னப் பெட்டிக்குள் திரும்பச் செய்ய முடியுமா என்று பார்த்தார். கிப்ஸன் நிறுவனம் 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பின் வந்த ஆயிரக்கணக்கான மாடல்களைப் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் குடும்பங்கள் என்று எடுத்துக்கொண்டால் மூன்றுதான்.

முதல் குடும்பம் ஓவர்டிரைவ். பச்சை நிற ட்யூப் ஸ்க்ரீமரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஐபனெஸ் பெயரில் டிஎஸ்808 (TS808) என்று 1979 வாக்கில் வந்தது, டிஎஸ்9 (TS9) என்ற அடுத்த பதிப்பு 1982இல். இதில் அலையை வெட்டும் டயோடுகள், சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் சிப்பின் சுற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் வெட்டு மென்மையாக விழும். கூடவே 720 ஹெர்ட்ஸ் பக்கம் மேடு தட்டி, அதற்குக் கீழே பாஸைக் குறைத்துவிடும். தனியாகக் கேட்டால் மூக்கால் பாடுவது போல இருக்கும். டிரம்ஸும் பாஸும் கீபோர்டும் சேர்ந்த பிறகு கேளுங்கள், கிட்டார் அத்தனைக்கும் நடுவே பளிச்சென்று வெளியே வரும். பாஸ் (Boss) நிறுவனத்தின் மஞ்சள் நிற எஸ்டி-1 இதற்குப் பங்காளி. டயோடை ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்று கோணலாக வைத்திருப்பார்கள், அதனால் வெட்டு ஒரு பக்கம் சாய்ந்து விழும். 1981இல் வந்தது. இன்றும் அதே மஞ்சள் பெட்டியில் விற்கிறார்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ட்யூப் ஸ்க்ரீமரைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் அதை வால்வு ஆம்புக்கு முன்னால் வைத்து, டிரைவைக் குறைத்து லெவலை ஏற்றி, ஆம்பையே பிதுங்க வைக்கிறவர்கள். நம் வீடுகளில் இருப்பது 10 வாட், 20 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப். அதில் இந்த வித்தை பலிக்காது, மூக்கொலி மட்டும்தான் மிஞ்சும்.

அப்படிப்பட்ட ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு இரண்டாவது குடும்பமான டிஸ்டார்ஷன் தோது. பாஸ் நிறுவனத்தின் ஆரஞ்சு நிற டிஎஸ்-1 (DS-1) 1978இல் வந்தது. மிச்சிகனிலிருந்து ரேட் என்ற கறுப்புப் பெட்டியும் ஏறக்குறைய அதே காலத்தில் வந்தது. இவற்றில் டயோடு சிக்னலை நேராகத் தரைக்கு இழுத்து வெட்டும், வெட்டு கறாராக இருக்கும். ஆம்ப் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் முழுக் கரகரப்பும் பெடலிலேயே பிறந்துவிடும். டிஎஸ்-1இல் டோன் நாபைப் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள், காது வலிக்கும். ரேட்டில் ஃபில்டர் என்ற நாப் தலைகீழாக வேலை செய்யும். வலப்பக்கம் திருகத் திருக ஒலி மந்தமாகும். அது தெரியாமல் ஒரு வாரம் குழம்பினேன்.

மூன்றாவது ஃபஸ். 1966இல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸ் மைக் ஸ்டாண்டின் அடித்தட்டு போல வட்டமாக இருக்கும். உள்ளே இரண்டே டிரான்சிஸ்டர்கள். ஆரம்பத்தில் அவை ஜெர்மானியம், சூடானால் குணம் மாறும். சென்னை மே மாதத்தில் திறந்தவெளி மேடையில் ஜெர்மானியம் ஃபஸ் வாசிக்கப் போகிறவருக்கு என் அனுதாபங்கள். சிலிக்கான் வகையை வாங்குங்கள். நியூயார்க்கில் 1969 வாக்கில் பிறந்த பிக் மஃப் வேறு மாதிரி. நாலு டிரான்சிஸ்டர் படிகள், முடிவில்லாமல் நீளும் சுரம், கடலலை போன்ற பாஸ். ஆனால் நடு ஸ்தாயியைக் குடைந்து எடுத்துவிடும். படுக்கையறையில் ராஜா, பேண்டோடு சேர்ந்தால் ஆளையே காணோம். ட்யூப் ஸ்க்ரீமருக்கு நேர் எதிர் ஜாதகம். முதல் பெடலாக ஃபஸ் வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான், ஒலி பிடிக்காமல் இல்லை.

விலை கூடினால் டோன் கூடுமா? ட்யூப் ஸ்க்ரீமரின் புகழுக்கெல்லாம் காரணம் என்று சொல்லப்படும் ஜேஆர்சி 4558 என்ற சிப், நம்மூர் ஆம்ப்ளிஃபையர் போர்டுகளில் பாஸ், ட்ரெபிள் நாபுக்குப் பின்னால் இருக்கும் அதே சிப்தான். சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கொடுப்பார்கள். எனவே விலை குறைந்த நகல் பெடல்களில் சுற்று கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். வித்தியாசம் ஃபுட் சுவிட்சிலும் ஜாக்கிலும் பெட்டியின் தகட்டிலும். பிளாஸ்டிக் பெட்டி வீட்டுக்குப் போதும். மேடையில் அதை ஷூ காலால் மிதிப்பீர்கள், அப்புறம் அதன்மேல் கீபோர்டுக்காரர் ஸ்டாண்டை வைப்பார்.

டிலே, பல கிட்டார்கள் சேர்ந்து ஒலிப்பது போலக் காட்டும் கோரஸ், அறையின் எதிரொலியைச் சேர்க்கும் ரிவர்ப் பக்கம் வந்தால் தனிப் பெடலுக்காக நான் அவ்வளவு வாதாட மாட்டேன். பாஸ் நிறுவனத்தின் சிஇ-1 கோரஸ் 1976இல் வந்தபோதும், டிடி-2 டிஜிட்டல் டிலே 1983இல் வந்தபோதும் அவை அதிசயங்கள். இன்று விலை குறைந்த ப்ராசஸரிலும் உருப்படியான டிலே கிடைக்கிறது. டிலே என்பது கணக்கு. நிமிடத்துக்கு 120 துடிப்பு என்றால் ஒரு துடிப்பு 500 மில்லி விநாடி, அதில் முக்கால் 375. அந்தக் கணக்கைப் போட டிஜிட்டல் சிப்புக்குச் சிரமமில்லை. அனலாக் டிலேயில் ஒவ்வொரு எதிரொலியும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கிணற்றுக்குள் போவது போலத் தேய்வது அழகுதான். ஆனால் முதல் டிலே வாங்குகிறவர் அதற்காகக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம்.

தனிப் பெடல் வாங்குகிறவர்கள் கணக்கில் சேர்க்க மறக்கும் பொருள் பவர் சப்ளை. பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், பின்னின் நடுமுனை நெகட்டிவ். ஓவர்டிரைவ் பெடல் 10 மில்லி ஆம்பியருக்கும் குறைவாகத்தான் குடிக்கும், டிஜிட்டல் டிலே 50, 60 என்று போகும். இரண்டையும் ஒரே அடாப்டரிலிருந்து கிளைவிட்ட வயரில் மாட்டினால், டிஜிட்டல் பெடலின் கடிகாரத் துடிப்பு ஓவர்டிரைவுக்குள் ஏறி 'ங்ஙீ' என்று கொசு பாடும். தனித்தனியாகப் பிரித்த வெளியீடுகள் உள்ள பவர் சப்ளை வாங்கினால் அது ஒரு பெடலின் விலைக்கு வந்துவிடும். அப்புறம் பெடல்களை இணைக்கும் பேட்ச் கேபிள், அப்புறம் அவற்றை அடுக்கும் பலகை. அக்கா மகன் "ஒரே விலை" என்று சொன்னது இதையெல்லாம் சேர்க்காமல்.

பின் பொருந்துகிறதே என்று கையில் கிடைத்த அடாப்டரைச் செருகவும் கூடாது. ஒருமுறை பக்கத்தில் கிடந்த கீபோர்டு அடாப்டரை என் டிலேயில் மாட்டினேன். 12 வோல்ட், முனையும் தலைகீழ். வெங்காய வெடியை வெடித்தது போல ஒரு வாசனை வந்தது, அதோடு சரி.

இனி ப்ராசஸர். நம்மூர் மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறவரை நினைத்துப் பாருங்கள். எழுபதுகளின் பாட்டுக்கு, கிட்டார் 'வா, வா' என்று வாய் திறந்து மூடுவது போல ஒலிக்கும் வா-வா, எண்பதுகளின் பாட்டுக்குக் கோரஸ் போட்ட பளிங்கு டோன், அடுத்தது ரெண்டாயிரத்துக்குப் பிந்தைய குத்துப் பாட்டுக்குப் பவர் கார்டு. மூன்றும் இடைவெளியில்லாமல் அடுத்தடுத்து. தனிப் பெடல்காரர் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் இரண்டை அணைத்து, ஒன்றைப் போட்டு, டிலே நேரத்தைக் குனிந்து திருக வேண்டும். கரகாட்டம்தான். ப்ராசஸர்காரர் ஒரே மிதி மிதிப்பார், ஐந்து விஷயங்கள் மாறும். சவுண்டுக்காரர் நீட்டும் வயரில் நேரே குத்திக்கொள்வார். ட்யூனரும் உள்ளேயே இருக்கும். ஹெட்ஃபோனில் நடுராத்திரி வாசித்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்ட மாட்டார். ஆம்ப் இல்லாத மேடைகளே அதிகம் என்பதால், நம்மூர் நிலவரத்துக்கு ப்ராசஸர்தான் பெரும்பாலானோருக்குச் சரி. இதை ஒரு தனிப் பெடல் பைத்தியமாகிய நான் மனசில்லாமல்தான் எழுதுகிறேன்.

அதன் குறைகளும் சின்னவை இல்லை. பெட்டியைத் திறந்ததும் நூற்றுக்கணக்கான ரெடிமேட் பேட்ச்கள், அதாவது முன்கூட்டியே அமைத்து வைத்த டோன்கள், இருக்கும். கடையில் ஹெட்ஃபோனில் கேட்கிறவரை மயக்குவதற்காகவே எல்லாவற்றிலும் ரிவர்பை அள்ளிக் கொட்டியிருப்பார்கள். அதை அப்படியே மண்டபத்துக்குக் கொண்டுபோனால், மண்டபத்தின் சொந்த எதிரொலியும் சேர்ந்து கூழாகிவிடும். ரிவர்பைப் பாதிக்கும் கீழே இறக்குங்கள், டிஸ்டார்ஷனை நீங்கள் நினைப்பதைவிடக் குறையுங்கள், நடு ஸ்தாயியை ஏற்றுங்கள். வீட்டில் கேட்க வறட்சியாக இருக்கும், மேடையில் சரியாக இருக்கும். இன்னொரு குறை, அது கம்ப்யூட்டர் போல வயதாகும். 1978இன் டிஎஸ்-1 இன்றும் மதிப்போடு கைமாறுகிறது. சாதாரண விலை ப்ராசஸர் ஒன்று பத்து வருடம் கழித்து யாருக்கு வேண்டும்? பவரிலும் முரண்டு பிடிக்கும். லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப் போன்றவை 9 வோல்ட்தான், ஆனால் கேட்பது 3 ஆம்பியர். பெடல் அடாப்டரில் ஓட்ட முடியாது.

மூன்றாவது வழியாக லேப்டாப்பையும் ஆடியோ இன்டர்ஃபேஸையும் சொல்வார்கள். என்ஏஎம் (நியூரல் ஆம்ப் மாடலர்) போன்ற இலவச மென்பொருளில் கிடைக்கும் ஆம்ப் ஒலி, பல ப்ராசஸர்களை வெட்கப்பட வைக்கும். கவனிக்க வேண்டியது தாமதம். 48 கிலோ ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவையில் சேர்த்து எடுக்கும் ஒலித் துண்டு) என்றால் ஒரு வழிக்கு மட்டும் 2.7 மில்லி விநாடி. போக, வர, மற்றதும் சேர்த்து 10 வந்தால், ஆம்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். அது பழகிவிடும், 25 ஆனால் விரல் தடுமாறும். பதிவு செய்கிறவருக்கு இதுதான் மலிவும் சிறப்பும். மேடைக்கு லேப்டாப்பை நான் கொண்டுபோக மாட்டேன். பாட்டு நடுவில் அப்டேட் கேட்கும் கருவியை நம்பி நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

அக்கா மகனிடம் திரும்பவும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் சர்ச், அங்கே ஆம்ப் கிடையாது, லைன் நேரே மிக்சருக்கு. மற்ற நாட்களில் கோயம்புத்தூர் ஹாஸ்டல், ஹெட்ஃபோன். காலேஜ் பேண்ட் ரூமில் மட்டும் ஒரு பழைய ஆம்ப். மூன்றில் இரண்டு இடத்தில் ஸ்பீக்கர் பெட்டி இல்லை. "ப்ராசஸரே வாங்கு, புதுசு வேண்டாம்" என்றேன். பழையது வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். எல்லா நாபையும் திருகி கரகர என்கிறதா என்று கேள், ஒவ்வொரு சுவிட்சையும் இருபது முறை மிதி, எக்ஸ்பிரஷன் பலகை முழுக்க மேலே போய்க் கீழே வருகிறதா பார், ஒரிஜினல் அடாப்டர் இல்லாமல் பணம் கொடுக்காதே.

வாங்கிவிட்டான். முதல் வாரம் போன் பண்ணி, "சர்ச்ல சூப்பர் மாமா, காலேஜ்ல அதே டோன் போர்வைக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி கேக்குது" என்றான். ஆம்பின் ஸ்பீக்கர் ஒருமுறை வடிகட்ட, உள்ளே இருக்கும் கேப் சிமுலேஷன் இன்னொரு முறை வடிகட்டியிருக்கிறது. பேண்ட் ரூமில் அதை அணைக்கச் சொன்னேன்.

இப்போது இரண்டே பேட்ச்தான் வைத்திருக்கிறான். சுவிட்சுக்கு மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி ஒன்றில் 'சர்ச்' என்றும் இன்னொன்றில் 'ஆம்ப்' என்றும் பேனாவால் எழுதியிருக்கிறான். என் எஸ்டி-1ஐயும் பேண்ட் ரூமுக்கென்று கேட்டு வாங்கிப் போயிருக்கிறான். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது திருப்பித் தருவதாகச் சொன்னது அக்கா.